சூர்யகலாவின் டப்பா மத்தளம்

என் கடையில் ஒரு டால்டா டின் காலியானால் அதற்கு இரண்டு பேர் போட்டி போடுவார்கள். ஒருவர் சைக்கிளில் பழைய இரும்பு எடுக்க வரும் கிதர் முகம்மது பாய். இன்னொருத்தி எதிர் வீட்டு மருமகள் சூர்யகலா. பாயாவது டின்னுக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் தருவார். இவள் பல்லைக் காட்டியே வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

"சிவனம்மாக்கா, அந்த டின்னு காலியாயிருச்சுங்களா?"

"காலியாகலைடி. நீ கேட்டேன்னு இப்பவே டால்டாவ ரோட்டுல கொட்டட்டுமா?"

"கொட்ட வேண்டாங்க்கா. நான் நாளைக்கு வாரனுங்க."

இந்த 'ங்க' போடுகிற பேச்சுக்காகவே எங்கள் தெருவில் அவளைக் கேலி பண்ணுவார்கள். பழனிப் பக்கம் ஆயக்குடியிலிருந்து சின்னாளபட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் அப்பா கொய்யாத் தோப்புகளுக்குக் காவல் இருந்தவர். காய் பழுக்கிற பருவத்தில் கிளி வந்து இறங்கினால் தோப்பே மொட்டையாகிவிடுமாம். அதனால் கல்யாணம் ஆகிற வரைக்கும் டின்னைத் தட்டிக் கிளி விரட்டுவதுதான் இவள் வேலை. ஒரே சத்தத்தைத் தட்டிக்கொண்டிருந்தால் கிளிக்குப் பழகிப்போய்விடும், தலைக்கு மேலேயே உட்கார்ந்து தின்னும் என்பாள். ஆகவே தினுசு தினுசாகச் சத்தம் வேண்டும். தகர மூடி, உடைந்த கரண்டி, சைக்கிள் டியூப், குடைக்கம்பி என்று கையில் கிடைப்பதை வைத்து எதையாவது செய்து பழகியிருக்கிறாள். அந்தப் புத்தி கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை. மார்கழியில் எங்கள் தெருப் பஜனைக்கு ஜால்ரா இல்லாமல் போனபோது, சோடா மூடிகளைக் கல்லால் தட்டிச் சப்பையாக்கி, ஆணியால் ஓட்டை போட்டு, குடைக்கம்பியில் கோத்துக் கொடுத்தவள் இவள்தான். நன்றாகவே இருந்தது. ஆனால் பாராட்ட எங்கள் தெருவுக்கு வாய் வராது. 'டப்பா கச்சேரி' என்று பெயர் வைத்தார்கள்.

ஊரில் சத்துணவுக் கூடம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அவளுக்கு யுவராணி என்று ஒரு பெண் குழந்தை. இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. லேட்டாகப் பேசுகிற பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறைய உண்டு, பேச ஆரம்பித்த பிறகு ஏன் பேசியது என்று நினைக்க வைக்கிற பிள்ளைகளும் உண்டு.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்தச் சோடா பெட்டி விழுகிற வரைக்கும்.

சோடா கம்பெனிக்காரன் சைக்கிளை என் கடை வாசலில் நிறுத்தினான். ஸ்டாண்டு சரியாக நிற்கவில்லை. பெட்டியோடு சரிந்து கோலி சோடா பாட்டில்கள் படபடவென்று வெடித்தன. நான் கல்லாவை விட்டு எழுந்தே விட்டேன். தெருவில் நின்ற நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. சூர்யகலா காதைப் பொத்திக்கொண்டாள். யுவராணி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை. மிட்டாயைக் கடிப்பதைக்கூட நிறுத்தவில்லை.

சூர்யகலா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.  அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணாடிச் சில்லுகளைத் தாண்டி வீட்டுக்குப் போய்விட்டாள். 

அந்த வீட்டில் மூன்று பேர் பெரியவர்கள். சூர்யகலா, அவள் புருஷன் தண்டாயுதபாணி, மாமனார் கண்ணுசாமி. தண்டாயுதபாணி நல்ல மனுஷன்தான். ஆனால் அப்பா பேசினால் அப்பாவுக்குத் தலையாட்டுவான், பெண்டாட்டி பேசினால் அவளுக்கும் ஆட்டுவான். கழுத்து வலிக்காதா என்று நானே கேட்டிருக்கிறேன். வீட்டில் வாக்கு என்றால் கண்ணுசாமி வாக்குதான். சேலை நெய்வதில் அவர் கை பேர்போன கை. குழித்தறியில் காலையில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார். பேத்தி என்றால் உயிர். குழிக்குப் பக்கத்திலேயே சாணி மெழுகின தரையில் ஒரு பழைய சேலையை விரித்துப் படுக்கப் போட்டுக்கொண்டுதான் நெய்வார்.

சூர்யகலா அன்று சாயங்காலமே குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். கண்ணுசாமிக்கு வந்ததே கோபம். என்னையும் அக்கம்பக்கத்தவரையும் கூப்பிட்டார்.

"வாங்கத்தா, எல்லாரும் வந்து பாருங்க. எம்பேத்திக்குக் காது கேக்கலையாம். இவ கண்டுபிடிச்சிருக்கா."

குழந்தை தறிக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் குழியில் இறங்கி நெய்ய ஆரம்பித்தார். காலால் மிதிக்க, நூல் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட, தறிப் பலகையை இழுத்து அடிக்க, தறி சீராகச் சத்தம் போட்டது. குழந்தை அசையாமல் தூங்கியது. சட்டென்று தறியை நிறுத்தினார். செத்த நேரத்தில் குழந்தை புரண்டது, கண்ணைத் திறந்தது, தறிப் பக்கம் தலையைத் திருப்பியது.

"பாத்தீகளா? சத்தம் நின்னா முழிச்சுக்கிருவா. தெனமும் இதே கூத்துதான். காது கேக்காத புள்ளைக்குத் தறி நின்னது எப்பிடித் தெரியும்?"

  நெசவு வீட்டுக் குழந்தைக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு, அது நின்றால் விழிக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்த சங்கதி. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. சோடா பாட்டில் விஷயத்தை நான் அத்தோடு மறக்கப் பார்த்தேன்.

சூர்யகலா மறக்கவில்லை. அதன் பிறகுதான் அவள் என் கடையில் தகரத்துக்கும் மூடிக்கும் அலைய ஆரம்பித்தாள். தைல டப்பாவில் புளியங்கொட்டை போட்டு மூடிக் கிலுகிலுப்பை செய்தாள். பஜனைக்குச் செய்தது போல் இன்னொரு சோடா மூடி ஜால்ரா. மண்ணெண்ணெய் டின்னில் மூங்கிலைச் செருகி, சைக்கிள் பிரேக் கம்பியை இழுத்துக் கட்டி, ஒற்றைத் தந்தி வைத்து ஒன்று. தறியில் உடைந்துபோன, சீப்பு மாதிரி பல் உள்ள அச்சை நூல் சுற்றுகிற தார்க்குச்சியால் சுரண்டினால் கர்ரென்று தவளை மாதிரி ஒரு சத்தம் வரும், அதையும் விடவில்லை. குழந்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக ஆட்டுவாள், மீட்டுவாள், சுரண்டுவாள். குழந்தை திரும்பாது. முன்னால் வந்து ஆட்டினால் பாய்ந்து பிடுங்கும். பிடுங்கிய மறு நிமிஷம் வாயில் வைக்கும்.

தெருவில் பார்த்தவர்களுக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அந்தக் குழந்தையின் பிடரியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்காது. கடைக்கு ஆள் வந்த மாதிரி உள்ளே திரும்பிக்கொள்வேன்.

கடைசியாகச் செய்ததுதான் மத்தளம். பெரிய டால்டா டின். வாய் ஓரத்துக் கூர் கையைக் கிழிக்காதபடி கல்லால் தட்டி மடக்கினாள். சைக்கிள் டியூபை நீளவாக்கில் அறுத்து விரித்து, துண்டுகளைச் சொலூஷன் போட்டு ஒட்டி, டின் வாயில் இறுக்கி, தறிக்கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். அடித்துப் பார்த்தாள். உண்மையான மத்தளம் தோற்றது போங்கள்.

அதைத் தரையில் வைத்து, உட்கார்ந்திருந்த குழந்தைக்குப் பின்னாலிருந்து அடித்தாள்.

யுவராணி திரும்பினாள்.

மறுபடி அடித்தாள். மறுபடி திரும்பினாள். திரும்பியது மட்டுமல்ல, கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். சூர்யகலா மத்தளத்தை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேக்குதுங்க்கா, எம்புள்ளைக்குக் கேக்குதுங்க்கா" என்று சிறுபிள்ளை மாதிரி குதித்தாள். என்னிடமே கல்கண்டு வாங்கி எனக்கே முதலில் வாயில் போட்டாள். அப்புறம் தெரு முழுக்கக் கொடுத்தாள். கண்ணுசாமி குழியில் இருந்தபடியே மீசையைத் தடவிக்கொண்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல? தைப்பூசத்துக்குப் பழனிக்குக் கூட்டிட்டுப் போயி மொட்டை போட்டாப் பேச்சும் தானா வந்துரும்."

அந்தச் சில நாள் அவளைப் போலச் சந்தோஷமாக இருந்தவளை நான் பார்த்ததில்லை. வேலை செய்துகொண்டே பாடுவாள். குரல் அவ்வளவு சுகமில்லை, ஆனாலும் பாடுவாள்.

ஒரு நாள் மதியம் கடைக்கு வந்தாள். மத்தளத்தைக் கயிறு கட்டித் தோளில் மாட்டியிருந்தாள். குழந்தை முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. விளையாட்டாக, நடந்தபடியே, குழந்தைக்குப் பின்னால் அடித்துக்கொண்டு வந்தாள். அவள் சிரிப்பு பாதித் தெருவில் நின்றுபோனது. நின்றாள். மறுபடி ஓங்கி அடித்தாள். குழந்தை என் கடைப் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே நடந்தது. அவள் தோளிலிருந்து மத்தளத்தைக் கழற்றினாள். என் கடை வாசலில் உட்கார ஒரு பலகை போட்டிருப்பேன். அதில் குழந்தையை உட்கார வைத்து, அதே பலகையின் மறுமுனையில் மத்தளத்தை வைத்து அடித்தாள். குழந்தை உடனே திரும்பிச் சிரித்தது. கையில் தூக்கிப் பிடித்து அடித்தாள். குழந்தை திரும்பவில்லை. பலகையில் வைத்தாள், திரும்பியது. தூக்கினாள், இல்லை.

"போதும்டி" என்றேன்.

நான் வெளியே வந்து பலகையில் உட்கார, அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டு சொன்னாள்.

"அடுப்படியில தூளி கட்டிப் போட்டா, மாமா தறிய நிறுத்துனாலும் இவ முழிக்கறதில்லைங்க்கா. தரையில கிடந்தாத்தான் முழிக்கிறா. எனக்கு முன்னமே தெரியும். தூளி சுகத்துல தூங்கறான்னு நானே என்னைய ஏமாத்திக்கிட்டனுங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. குழித்தறி மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தறிப் பலகை அடிக்கிற அடி தரையெல்லாம் பரவும். நெசவு வீட்டில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த அதிர்வு உடம்பிலேயே ஊறிப்போனது. எது காதுக்கு வருகிறது, எது உள்ளங்காலுக்கு வருகிறது என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததே இல்லை. தறி இல்லாத ஊரில் பிறந்தவளுக்குத்தான் அது தெரிந்திருக்கிறது.

அவளிடம், யாரிடமும் சொல்லாதே என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, சொல் என்றும் சொல்ல முடியவில்லை. இதற்கிடையில்தான் ரோஸ்மேரி டீச்சர் வந்தார். பால்வாடி டீச்சர், திண்டுக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். பால்வாடிக்கு வருகிற குழந்தையை ஒரு வாரம் கவனித்துவிட்டு நேராகச் சூர்யகலாவைத் தேடி என் கடைக்கே வந்துவிட்டார்.

"கலாம்மா, வர்ற வெள்ளிக்கிழமை திண்டுக்கல்ல சிஸ்டர்மாருங்க ஸ்கூல்ல காது பரிசோதனை முகாம் வச்சிருக்காங்க. மதுரைல இருந்து டாக்டருங்க வர்றாங்க. காதுல மாட்டுற மிஷினும் குடுக்குறாங்க. இத விட்டா அடுத்த வருஷந்தான்."

"அடுத்த வருஷம் போனா ஆகாதுங்களா டீச்சர்?"

டீச்சர் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். "பேச்சு பழகுற வயசு இதும்மா. கொஞ்சமாச்சும் காது இருந்தா, இப்ப மிஷின் மாட்டுனாப் பேச வச்சிரலாம். ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் போகப் போகக் கஷ்டம்."

அன்று சாயங்காலம் எதிர் வீட்டில் போட்ட சண்டை என் கடை வரைக்கும் கேட்டது. ஜாமான் வாங்க வந்தவர்கள் வாங்காமல் நின்று கேட்டார்கள். கண்ணுசாமி குரல்தான் ஓங்கி இருந்தது.

"காது கேக்குற புள்ளையக் கூட்டிட்டுப் போயி செவிடுன்னு பேரு வாங்கிட்டு வரணுமா? நாளைக்கு இவளைக் கட்டிக் குடுக்க வேணாமா? ஊரே பாத்துச்சுல்ல? தறி நின்னா முழிக்கிறாளா இல்லையா?"

"அது மண்ணு ஆடறதுங்க மாமா."

"மண்ணாவது மசிராவது. டப்பாத் தட்டிக் கிளி வெரட்டுனவளுக்கு என்ன தெரியும்? வெள்ளிக்கெழமை இந்த வீட்டு வாசப்படிய யாரும் தாண்டக் கூடாது."

தண்டாயுதபாணி என்ன செய்தான் என்று கேட்கவே வேண்டாம். திண்டுக்கல்லுக்குச் சேலை கொண்டுபோகிற சாக்கில் அவளையும் குழந்தையையும் கூட்டிப் போயிருக்கலாம். மறுநாள் அவளிடம் நானே சொன்னேன், நீ பாட்டுக்குக் கிளம்பிப் போயிரு, கடையை அடைத்துவிட்டு நான் கூட வருகிறேன் என்று. அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

"திருட்டுத்தனமாப் போனா அங்க சொல்றத இங்க யாருங்க்கா நம்புவாங்க? மிஷின் குடுத்தாலும் மாமா கழட்டித்தான எறிவாரு. அவரு நம்பாம இவளுக்கு எதுவும் நடக்காதுங்க."

அவள் சொன்னது சரிதான். எனக்கு அவள் மேல் எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு நாள் நெருங்கியது. மாமனாரும் மருமகளும் பேசிக்கொள்ளவில்லை. தறி மட்டும் விடாமல் ஓடியது. அவர் வேண்டுமென்றே ஓங்கி அடிக்கிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். சூர்யகலா என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். போனேன். தறிக்கூடத்தில் மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கண்ணுசாமி குழிக்குள் இருந்தார். தண்டாயுதபாணி சுவரோரம் நின்றான். சூர்யகலா தான் செய்ததையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவந்து மாமனார் முன்னால் வைத்தாள்.

"மாமா, இவளைச் சிவனம்மாக்கா இடுப்புல வச்சுக்கட்டும். கால் தரையில படக் கூடாது. நீங்க தறி அடிங்க, நிறுத்துங்க. ஒரே ஒரு தடவை இவ திரும்பிட்டாப் போதும். இந்த டப்பாவெல்லாம் பாய்கிட்டப் போட்டுர்றனுங்க. முகாமுங்கற பேச்சையே இந்த வீட்டுல எடுக்க மாட்டனுங்க."

"திரும்பலேன்னா?"

"திரும்பலேன்னா நாளைக்கு நீங்களே கூட்டிட்டு வரோணும்."

 அவர் தறிப் பலகையைப் பிடித்தார். நான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். திரும்பிவிடு ராசாத்தி என்று ஒரு மனசு. திரும்பிவிட்டால் நாளைக்கு முகாம் போய்விடுமே என்று இன்னொரு மனசு. தறிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி நின்றேன். தறி ஓடியது. குழந்தை என் தாலிக்கயிற்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. தறி நின்றது.

குழந்தை வெடுக்கென்று தலையைத் திருப்பித் தறியைப் பார்த்தது.

"பாத்தியா!" கண்ணுசாமி குழிக்குள்ளிருந்து கத்தினார். "எந்தங்கம்! எங்குலசாமி! பாத்தியா பாத்தியா!" தண்டாயுதபாணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டான். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருவேளை நாங்கள்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் நான் முழுசாக நம்பினேன்.

சூர்யகலா மட்டும் அசையவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நிழலுங்க."

பல்பு தறிக்கு அந்தப் பக்கம் எரிந்துகொண்டிருந்தது. பலகையும் அவர் கையும் எனக்கு எதிர்ச் சுவரில் பெரிய நிழலாக ஆடிக்கொண்டிருந்திருக்கின்றன. அவர் நிறுத்தியதும் நிழல் நின்றது. குழந்தை அதைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறது.

கண்ணுசாமி கோபத்தில் பலகையைத் தள்ளினார். "நீ ஜெயிக்கிற வரைக்கும் கோட்டை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருப்பியாத்தா? ஒம்பெத்த புள்ளைக்குக் காது கேக்கக் கூடாதுன்னு ஒனக்கு அம்புட்டு ஆசையா?"

அந்த ஒரு பேச்சில் சூர்யகலாவின் முகம் செத்துப்போனது. இத்தனை நாளில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அவள் அழவில்லை. சாக்கிலிருந்த மத்தளத்தை எடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"பெரியப்பா, வாய் இருக்குன்னு பேசாதீக. ஒங்களுக்கு உறுதியா இருந்தா இன்னொரு தடவை அடிங்க. நான் வாசலுக்குப் போறேன். நிழலும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றேன்.

வாசல்படியில் தெருவைப் பார்த்து நின்றேன். தெருவில் வெளிச்சம் மங்கியிருந்தது. ஒரு ஆடு சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. குழந்தை அதையே பார்த்தது. உள்ளே தறி ஓட ஆரம்பித்தது. நின்றது. ஓடியது. நின்றது. என் இடுப்பில் இருந்த உடம்பில் ஒரு அசைவும் இல்லை. அவர் ஓங்கி அடித்தார். இன்னும் ஓங்கி அடித்தார். பலகை அடிக்கிற அடியில் என் உள்ளங்காலுக்குக் கீழே படி அதிர்ந்தது. அத்தனை வருஷம் அந்தத் தெருவில் இருந்தும் அன்றுதான் அதை முதன்முதலாகக் கவனித்தேன். உள்ளே பாவு நூல் அறுந்து தறி பாதியில் நின்ற சத்தம் கேட்டது.

"யுவராணி!" என்று கூப்பிட்டார். "ஏத்தா! யுவராணீ!"

குழந்தை ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குழியை விட்டு ஏறி வருகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. எனக்குப் பின்னாலேயே வந்து நின்றார். மூச்சு வாங்கியது. கிலுகிலுப்பையைக் காதோரம் ஆட்டினார். ஜால்ராவைத் தட்டினார். அப்புறம் மருமகள் கையிலிருந்து மத்தளத்தை வாங்கி, தூக்கிப் பிடித்து, குழந்தையின் பிடரிக்குப் பின்னால் அடி அடியென்று அடித்தார். என் காது அடைத்துக்கொண்டது. ஆடு பயந்து ஓடியது. ஆடு ஏன் ஓடுகிறது என்று குழந்தை ஆச்சரியமாகப் பார்த்தது.

அப்புறம்தான் அவர் முன்னால் வந்தார். கையில் மத்தளத்தோடு தாத்தாவைப் பார்த்ததும் யுவராணிக்கு ஒரே குஷி. விளையாட வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டு அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். அவர் இழுக்க விட்டுக்கொண்டு அப்படியே நின்றார். அன்றைக்கு அந்த மனுஷன் முகத்தில் நான் பார்த்தது என் எதிரிக்குக்கூட நேரக் கூடாது.

"அப்ப இத்தனை நாளும் எந்தறியக் கேட்டு அவ முழிக்கலையாத்தா?" என்று மருமகளிடம் கேட்டார்.

"தறி ஆடறத மண்ணு அவளுக்குச் சொல்லுதுங்க மாமா. உங்களத்தான் தேடி முழிக்கிறா. அது பொய்யில்லைங்க."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மகனைப் பார்த்து, "திண்டுக்கல்லுக்கு மொதப் பஸ்ஸு எப்படா?" என்றார்.

முகாமில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குக் காது அநேகமாக இல்லை, மிஷினில் சத்தத்தைப் பெரிதாக்கினால் மட்டும் கொஞ்சம் கேட்கும், மிஷின் மாட்டி உடனே பழக்க வேண்டும் என்றார் டாக்டர். சின்ன வயசு டாக்டர்தான், பொறுமையாக எல்லாவற்றையும் இரண்டு தடவை விளக்கினார். சிஸ்டர்மார் பள்ளியிலேயே சேர்த்தார்கள். சூர்யகலா தினமும் பஸ்ஸில் கூட்டிப் போய், அங்கேயே காத்திருந்து கூட்டி வருவாள். சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு முடியுமா? பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தளம் கட்டித் தர ஆரம்பித்தாள். நீளமான மரப் பலகையில் பிள்ளைகளை வெறுங்காலோடு உட்கார வைத்து, அதே பலகையில் மத்தளத்தை வைத்து அடித்தால் எல்லாம் தாளத்துக்குத் தலையாட்டுமாம். இன்றைக்கும் அங்கே அவள்தான் டப்பா டீச்சர். யுவராணி திக்கித் திக்கி என்றாலும் பேசுவாள். என்னை 'சிம்மக்கா' என்பாள். எனக்கு அந்தப் பேர்தான் பிடிக்கும். கிதர் முகம்மது பாய் என் கடையில் டின் கேட்பதையே விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக, எடுத்து வருகிற பழைய டின்னில் நல்லதாகப் பொறுக்கி எதிர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்த வெள்ளிக்கிழமை விடிகாலைதான். நானும் கூடப் போவதாக இருந்ததால் கடையைத் திறக்காமல் எதிர் வீட்டுக்குப் போனேன். சூர்யகலா தலை சீவிப் பூ வைத்துத் தயாராக இருந்தாள். தண்டாயுதபாணி தண்ணீர்ப் பாட்டிலும் பையுமாக நின்றான். கண்ணுசாமி வெள்ளை வேட்டி கட்டித் திருநீறு பூசியிருந்தார். குழந்தை தறிக்குப் பக்கத்தில் தரையில் தூங்கிக்கொண்டிருந்தது. சூர்யகலா அதைத் தூக்கக் குனிந்தாள்.

"இருத்தா" என்றார் அவர். "நான் எழுப்புறேன்."

துவைத்த வேட்டியோடு குழிக்குள் இறங்கினார். முந்தின நாள் அறுந்த பாவு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நாடாவைத் தொடவில்லை. பலகையை மட்டும் பிடித்து, நூல் இல்லாமல், இரண்டு தடவை இழுத்து அடித்தார். நிறுத்தினார். மறுபடி இரண்டு தடவை அடித்தார்.

யுவராணி கண்ணைத் திறந்தாள். எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை, நேராகத் தாத்தாவைப் பார்த்தாள்.

"எந்திரி ஆத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டே அவர் இன்னும் இரண்டு தடவை அடித்தார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து அவரிடம் போனாள்.